பச்சையாகிப்போன மஞ்சள் மூங்கில், பருக்காத புத்தர் மூங்கில்: வாசகர் கேள்வி பதில்

அழகு மூங்கில் வளர்ப்பவர்களின் கேள்விகள் இந்த முறை. பதில்களில் கழி என்று வருவது நிமிர்ந்து நிற்கும் தண்டு. குருத்து என்பது மண்ணைப் பிளந்து வரும் இளங்கழி. தூர் என்பது ஒரே கிழங்குக் கூட்டத்திலிருந்து எழுந்த மொத்தக் குத்து.

கேள்வி: 20 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் இடம் இருக்கிறது. வெப்பமான பகுதி, உறைபனி கிடையாது. ஏழெட்டு வகை மூங்கில்களைச் சேர்த்து வளர்க்க ஆசை. எவற்றைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு இடைவெளி விடுவது?

பதில்: உறைபனி இல்லாத இடமென்றால் தூர் கட்டும் வகைகளோடு நின்றுகொள்ளுங்கள். படரும் வகைகளை நட்டுவிட்டு வருடம் முழுக்கக் கிழங்கு வெட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தூர் கட்டுவதிலேயே மஞ்சள், கறுப்பு, நீலச்சாம்பல், கோடு போட்டது, பருத்தது, பெரணி இலை என்று எல்லாம் கிடைக்கின்றன.

முதலில் பெரியவை இரண்டு. பாம்புசா வல்காரிஸ் 'விட்டாட்டா', அதாவது பச்சைக் கோடு போட்ட மஞ்சள் மூங்கில், 10 முதல் 15 மீட்டர் வரை போகும்; கழி 5 முதல் 10 செ.மீ. குறுக்களவு. பாம்புசா லாக்கோ என்ற தைமூர் கருமூங்கிலும் ஏறக்குறைய அதே உயரம், பளபளக்கும் கருங்கழி. இவை இரண்டையும் நிழல் மற்றவற்றின் மேல் விழாத ஓரத்தில், ஒன்றுக்கொன்று குறைந்தது 5 மீட்டர் தள்ளி, சுவரிலிருந்து 3 மீட்டர் விட்டு நடுங்கள். நடும்போது அந்த இடைவெளி வீணாகத் தெரியும். பத்து வருடம் ஆன தூரின் அடிப்பகுதியே 2 மீட்டர் அகலம் ஆகிவிடும் என்பதை நினைவில் வைத்தால் வீணாகத் தெரியாது.

அடுத்த வரிசைக்கு நடுத்தரமானவை. பாம்புசா சங்கி என்ற நீல மூங்கில், வெண்ணீலப் பூச்சுப் படிந்த கழி, நீண்ட கணுவிடை, 6 முதல் 10 மீட்டர். பாம்புசா டெக்ஸ்டைலிஸ் 'கிராசிலிஸ்', 6 முதல் 8 மீட்டர், விரல் பருமனைவிடச் சற்றுக் கூடுதலான கழி, மிக நெருக்கமான தூர். மறைப்புக்கு இதைவிட ஒழுங்கான மூங்கில் கிடையாது. தைர்சோஸ்டாகிஸ் சியாமென்சிஸ் என்ற மடாலய மூங்கிலில், குருத்தைப் போர்த்தி வரும் கழி உறைகள் உதிராமல் வெளிறி ஒட்டிக்கொண்டே இருக்கும், அதுதான் அதன் அழகு. இவற்றுக்கு 3 மீட்டர் இடைவெளி போதும். கிராசிலிஸை வேலியாக நடுவதானால் 1 முதல் 1.5 மீட்டருக்கு ஒன்று.

முன்வரிசைக்கு பாம்புசா மல்டிபிளெக்ஸ் 'அல்ஃபோன்ஸ் கார்', பாம்புசா வல்காரிஸ் 'வாமின்', பாம்புசா மல்டிபிளெக்ஸ் 'ரிவியரோரம்'. முதலாவது மஞ்சளில் பச்சைக் கோடு. புதுக் கழி வெயில் பட்டால் இளஞ்சிவப்பாகும். நடுவிலுள்ளது அடி பருத்த மூங்கில். கடைசியானது 1.5 முதல் 3 மீட்டர், பெரணிபோல அடுக்கிய பொடி இலை. இதே தோற்றத்தில் 'ஃபெர்ன்லீஃப்' என்று ஒன்று விற்கிறார்கள். அதற்கு உரமும் நீரும் தாராளமாகக் கிடைத்தால் சாதாரணப் பெரிய இலைக்குத் திரும்பிவிடும். ரிவியரோரம் மாறாது. ஒரு மெல்லிய கழியை வெட்டிப் பாருங்கள்: உள்ளே கெட்டியாக இருந்தால் ரிவியரோரம், துளையிருந்தால் மற்றது.

இன்னொன்று, கழியின் நிறத்துக்காக வாங்குகிற வகைகளில் கழி வெளியே தெரிய வேண்டும். கீழ்க்கணுக்களில் வரும் வளார்களை, அதாவது பக்கக் கிளைகளை, பிஞ்சாக இருக்கும்போதே, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் வரை, கழியை ஒட்டி நறுக்கிவிடுங்கள். முற்றிய பிறகு நறுக்கினால் குச்சி மொட்டை மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: தொட்டியில் இருக்கும் சிறு கன்றைப் பார்த்து இது தூர் கட்டுமா, படருமா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். வளார் கிளம்பும் கணுவுக்கு மேலே கழியைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் நீளவாக்கில் பள்ளம் ஓடினால், கணுவுக்கு ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு வளார்கள் இருந்தால், அது ஃபில்லோஸ்டாகிஸ். படரும். பாம்புசா இனத்தில் கழி முழுக்க உருண்டையாக இருக்கும், கணுவில் கொத்தாகப் பல வளார்கள் கிளம்பும்.

குள்ள வகைகளுக்கு இந்தச் சோதனை உதவாது. அங்கே தொட்டியிலிருந்து மண்கட்டியை உருவிப் பார்க்க வேண்டும். தூர் கட்டும் வகையில் கிழங்கு குட்டையாக, கழியைவிடப் பருமனாக, கொக்கிபோல வளைந்து நுனியிலேயே குருத்தாக மாறியிருக்கும். படரும் வகையில் கிழங்கு கழியைவிட மெல்லிசாக, கணுக்களோடு கயிறுபோல நீண்டு, தொட்டியின் உட்சுவரைச் சுற்றி ஓடியிருக்கும். பிளையோபிளாஸ்டஸ், சாசா இரண்டும் இந்த இரண்டாவது கூட்டம். முழங்கால் உயரம்தானே என்று நினைத்து நடுகிறவர்களைத்தான் அவை அதிகம் அலைக்கழிக்கின்றன.

வெப்பநாட்டு மூங்கில் தூர் கட்டும், குளிர்நாட்டு மூங்கில் படரும் என்பது ஓரளவு சரி. ஆனால் ஃபார்ஜீசியா பனிமலைக்காரர், தூர் கட்டுபவர். கடுங்குளிர் உள்ள இடத்தில் தூர் மூங்கில் வேண்டுமென்றால் அதுதான் வழி. வெப்பத்தில் அது இலையைச் சுருட்டிக்கொண்டு நலிந்துபோகும்.

கேள்வி: பச்சைக் கோடு போட்ட மஞ்சள் மூங்கில் வைத்தோம். நான்கு வருடமாக நன்றாக இருந்தது. இப்போது வருகிற கழிகளில் சில முழுப் பச்சையாக வருகின்றன. உரம் குறைவா? நிழல் காரணமா?

பதில்: இரண்டும் இல்லை. மஞ்சளும் கோடும் திசுவில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தால் வந்தவை. கிழங்கில் ஒரு மொட்டு பழைய பச்சை நிலைக்குத் திரும்பினால், அதிலிருந்து வரும் கழி பச்சை, அந்தக் கழியின் அடிக்கிழங்கிலிருந்து அடுத்து வருபவையும் பச்சை. பச்சையம் அதிகம் இருப்பதால் அவை வேகமாக வளரும். நான்கைந்து வருடம் விட்டுவைத்தால் தூரே பச்சையாகிவிடும்.

கழியை மட்டும் வெட்டினால் பயனில்லை. பச்சைக் குருத்து அரை மீட்டர் உயரம் வந்ததுமே அடையாளம் தெரியும். அதன் அடியில் மண்ணைத் தோண்டி, தாய்க்கிழங்கோடு இணையும் ஒடுங்கிய கழுத்தைக் கண்டுபிடித்து, கூர்மையான உளியாலோ சிறு ரம்பத்தாலோ வெட்டி, கிழங்கோடு எடுத்துவிடுங்கள். முற்றவிட்டால் அதே வேலைக்குக் கடப்பாரை வேண்டியிருக்கும்.

முழுப் பச்சையாக இல்லாமல் பழைய கழிகள் மட்டும் மங்கி, பச்சை கலந்த சாம்பலாகத் தெரிந்தால் அது வேறு கதை. வயதான கழியின் மேல் பாசியும் மரப்பாசிக் கறையும் படிகின்றன. ஈரத்துணியால் துடைத்தால் ஓரளவு போகும். ஆனால் ஐந்து வயதைத் தாண்டிய கழிக்கு இளமை நிறம் திரும்புவதில்லை, அதை அடியோடு வெட்டி எடுப்பதே சரி. நிறத்துக்காக வளர்க்கும் தூரில் ஒன்று முதல் நான்கு வயதுக் கழிகள் மட்டும் நின்றால் போதும்.

வெட்டும்போது தரைக்கு மேலுள்ள முதல் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கணுவிடையின் நடுவில் வெட்டினால் அடிக்கட்டை கிண்ணமாகி மழைநீர் தேங்கும். அதில் கொசு முட்டையிடும், கட்டையும் அழுகும்.

கேள்வி: புத்தர் வயிற்று மூங்கில் என்று வாங்கித் தரையில் நட்டோம். ஆறு மீட்டர் உயரம் போய்விட்டது. ஒரு கழிகூடப் பருக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. அந்தப் பெயரில் இரண்டு மூங்கில்கள் விற்கப்படுகின்றன. ஒன்று 'வாமின்'. அது எங்கே நட்டாலும் அடிக்கணுவிடைகள் குட்டையாகப் பருத்தே வரும், 3 முதல் 5 மீட்டரோடு நிற்கும். மற்றது பாம்புசா வென்ட்ரிகோசா. நல்ல மண்ணும் நீரும் கிடைத்தால் இது சாதாரண மூங்கிலாக நேராக உயர்ந்துவிடும். நெருக்கடியில்தான் பருக்கும். உங்களுடையது இரண்டாவது. அது சுகமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வயிறு வேண்டுமென்றால் தொட்டிக்கு மாற்றுங்கள். மழைக்காலத் தொடக்கத்துக்கு முன், தூரின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று கழிகளைக் கிழங்கோடு பிரித்து, மூன்று நான்கு கணு உயரத்தில் நறுக்கி, 30 முதல் 35 செ.மீ. வாயுள்ள தொட்டியில் நடுங்கள். முதல் வருடம் வேர் பிடிக்கட்டும், நீரைக் குறைக்க வேண்டாம். இரண்டாம் வருடம் தொட்டி வேரால் நிறைந்ததும் வேலை தொடங்கும்.

குருத்து வரும் பருவத்தில் நைட்ரஜன் உரத்தை நிறுத்திவிடுங்கள். இலை லேசாகச் சுருளத் தொடங்கிய பிறகே நீர் ஊற்றுங்கள். அதோடு உறை உரிக்கும் வேலையும் உண்டு. குருத்தின் ஒவ்வொரு கணுவிடையும் தன் உறைக்குள் இருக்கும்போதுதான் நீள்கிறது. உறையைச் சீக்கிரம் அகற்றிவிட்டால் நீட்சி நின்று கணுவிடை குட்டையாகிவிடும். எனவே கீழிருந்து தொடங்கி, கணுவிடை வேண்டிய நீளம் வந்ததும் அதன் உறையை மெல்லிய கத்தியால் கீறிச் சுற்றி உரித்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் மேலே அடுத்தது தயாராக இருக்கும். ஒரே நாளில் நான்கைந்து உறைகளை உரித்தால் குருத்து ஒடிந்து விழும், அல்லது நுனி காய்ந்துவிடும். கீறும்போது கத்தி கழியில் பட்டால் அந்தத் தழும்பு கடைசிவரை போகாது. பத்துப் பன்னிரண்டு கணு ஆனதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள்.

ஏற்கெனவே நீண்டு முடிந்த கழியைப் பருக்க வைக்க எந்த வழியும் இல்லை. தரையில் நிற்பதை அப்படியே விட்டுவிடுங்கள், அதுவும் நல்ல மூங்கில்தான்.

கேள்வி: கருமூங்கில் கன்று வாங்கினேன். எல்லாக் கழிகளும் பச்சையாக இருக்கின்றன.

பதில்: முதலில் எந்தக் கருமூங்கில் என்று பாருங்கள். மேலே சொன்ன பள்ளச் சோதனையைச் செய்யுங்கள். பள்ளமும் இரண்டு வளார்களும் இருந்தால் ஃபில்லோஸ்டாகிஸ் நைக்ரா. அதன் புதுக்கழி பச்சையாகத்தான் வரும். வெயிலில் முதலில் புள்ளிபுள்ளியாகக் கறுத்து, ஒன்று முதல் மூன்று வருடத்தில் முழுக் கறுப்பாகும். நிழலில் வைத்தால் தாமதமாகும். படரும் வகை என்பதால் தடுப்பு தேவை, மிதமான குளிர்காலமும் வேண்டும். வெப்பமண்டலத் தாழ்நிலத்தில் அது பெரும்பாலும் செழிப்பதில்லை.

கொத்து வளார்கள் இருந்தால் பாம்புசா லாக்கோ, அல்லது ஜாவாவின் ஜைகன்டோகுளோவா அட்ரோவயலேசியா. இவையும் பச்சையில் தொடங்கிச் சில மாதங்களில் கறுப்பவைதான், ஆனால் வெப்பம் வேண்டியவை. எதுவாக இருந்தாலும் வாங்கிய முதல் வருடத்தில் முடிவுகட்டாதீர்கள். மூன்று வயதுக் கழியும் பச்சையாகவே நின்றால் வேறு ஏதோ வந்திருக்கிறது.

கேள்வி: நீல மூங்கிலில் கைபட்ட இடமெல்லாம் பச்சையாகத் தெரிகிறது. பூச்சு மறுபடி வருமா?

பதில்: வராது. அது கழி புதிதாக வரும்போது மேற்பரப்பில் படியும் மெழுகுத்தூள், ஒரு கழிக்கு ஒருமுறைதான். மழையில் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். குழாயை வைத்துக் கழிமேல் பீய்ச்ச வேண்டாம். சோப்புக் கரைசலும் எண்ணெய்க் கரைசலும் இதன் கழியில் படக்கூடாது. நடைபாதையை ஒட்டி நட்டிருந்தால் பார்ப்பவர் எல்லோரும் தொட்டுத்தான் பார்ப்பார்கள். ஒரு மீட்டர் உள்ளே தள்ளி நடுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

கேள்வி: விட்டாட்டா நட்டு மூன்று வருடம். உயரம் வந்துவிட்டது, ஆனால் கழி இன்னும் விரல் தடிமன்தான். எப்போது பருக்கும்?

பதில்: இப்போது நிற்கும் கழிகள் எப்போதுமே பருக்காது. மூங்கில் மரம்போல வருடாவருடம் தடிப்பதில்லை. குருத்து மண்ணைப் பிளந்து வரும்போது என்ன குறுக்களவோ அதுதான் கடைசிவரை. இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்தை எட்டிவிடும், அதற்குப் பிறகு கழி முற்றி இறுகுமே தவிரப் பெருக்காது. பருமனான கழி அடுத்தடுத்த வருடக் குருத்துகளில்தான் வரும். கிழங்கில் எவ்வளவு சேமிப்பு இருக்கிறதோ அவ்வளவு பெரிய குருத்து.

ஆகவே சேமிப்பைக் கூட்டுவதுதான் வேலை. முதல் மூன்று வருடம் இலையுள்ள எந்தக் கழியையும் வெட்டாதீர்கள், மெலிந்ததாக இருந்தாலும் அது கிழங்குக்குச் சோறு போடுகிறது. மெலிந்த பழங்கழிகளை நான்காம் வருடத்திலிருந்து, பெரியவை போதுமான அளவு வந்தபின், கழிக்கலாம்.

தூரைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு 8 முதல் 10 செ.மீ. உயரம் மக்கிய எருவும் உதிர்ந்த மூங்கில் இலையும் மூடாக்காக இருக்கட்டும். மூங்கில் இலையைக் கூட்டி எறிவது பெரிய தவறு. கழியின் உறுதிக்கு வேண்டிய சிலிக்கா அந்த இலையில்தான் இருக்கிறது, மக்கினால் மண்ணுக்கே திரும்பும். ரசாயன உரம் போடுவதானால் நைட்ரஜன் மூன்று பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு, பொட்டாஷ் இரண்டு பங்கு என்ற அளவில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து, நடுத்தரத் தூருக்கு ஒரு தடவைக்கு 200 முதல் 300 கிராம், வருடத்துக்கு மூன்று முறை போடுங்கள். குருத்து வருவதற்கு ஒரு மாதம் முன்பு ஒன்று, குருத்துகள் இலை விரித்ததும் ஒன்று, பருவ முடிவில் ஒன்று. கழியின் அடியில் குவிக்காமல் தூரின் வெளிவட்டத்தில் தூவி நீர் பாய்ச்ச வேண்டும். அடியில் குவித்தால் குருத்து கருகும்.

குருத்து வரும் வாரங்களில் ஒரு நாள்கூட மண் வறண்டுபோகக் கூடாது. முழங்கால் உயரத்தில் நின்று கறுத்து அழுகும் குருத்துகளைப் பார்த்துப் பூச்சி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நீர்ப்பற்றாக்குறை, இல்லையென்றால் சேமிப்பைவிட அதிகமாகக் குருத்துகள் கிளம்பியதால் செடியே சிலவற்றைக் கைவிடுவது. அப்படிச் சில குருத்துகள் போவது இயல்புதான்.

கேள்வி: பெரிய மூங்கிலை நான்கு மீட்டரில் தலைவெட்டி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வெட்டலாம். வெட்டிய கழி மறுபடி உயராது, பக்க வளார்கள் அடர்த்தியாகும். குருத்து முழு நீளம் வந்து வளார்கள் விரியத் தொடங்கும் நேரத்தில், கணுவுக்கு அரை செ.மீ. மேலே வெட்டுங்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் வரும் புதுக்கழிகளுக்கெல்லாம் ஏணி போட்டு இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். 15 மீட்டர் மூங்கிலை நான்கு மீட்டரில் நிறுத்துவதைவிட நான்கு மீட்டர் மூங்கிலை நடுவது எளிது.

கேள்வி: படரும் மூங்கிலைத் தவிர்க்கச் சொல்கிறீர்கள். எங்கள் குளிரில் ஃபில்லோஸ்டாகிஸ்தான் நன்றாக வருகிறது. பக்கத்து நிலத்துக்குப் போகாமல் அடைப்பது எப்படி?

பதில்: குளிர்ப் பகுதியில் அதை நடுவது நியாயம்தான். அடர் பாலித்தீன் தகடு, 1.5 மி.மீ. தடிமன், 75 செ.மீ. அகலமுள்ள சுருளாக வாங்குங்கள். குறைந்தது 3 மீட்டருக்கு 3 மீட்டர் பரப்பை அடைக்க வேண்டும். அதைவிடக் குறுகினால் கிழங்கு ஒன்றின்மேல் ஒன்று ஏறி மண்ணே மேடாகிவிடும்.

சுற்றிலும் 70 செ.மீ. ஆழத்துக்குச் சுவர் வழுவழுப்பாக இருக்கும்படி அகழி வெட்டுங்கள். தகட்டை நிறுத்தும்போது மேல்விளிம்பு வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். அதில் முட்டும் கிழங்கு கீழே இறங்காமல் மேலே திரும்பும், நீங்கள் பார்த்து வெட்டலாம். தரைக்கு மேல் 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அழகுக்காக அதை மண்ணால் மூடிவிட்டால் கிழங்கு அதன்மேல் ஏறித் தாண்டுவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. தடுப்பு தோற்கும் இடம் பெரும்பாலும் இணைப்பு. இரு முனைகளையும் 15 செ.மீ. ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இருபுறமும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை கொடுத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். ஒட்டுநாடா மட்டும் போட்டால் ஊசிமுனைக் கிழங்கு சில வருடத்தில் அதைப் பிளந்துவிடும்.

நல்ல மண்ணையும் எருவையும் மேல் 30 செ.மீ. மட்டும் போடுங்கள். அடிமண்ணைக் கிளறி வளப்படுத்தினால் கிழங்கை நீங்களே கீழே அழைத்ததாக ஆகும். பிறகு வருடம் இரண்டு முறை விளிம்பைச் சுற்றி வந்து, எட்டிப் பார்க்கும் கிழங்குகளை வெட்ட வேண்டும். செங்கல், கான்கிரீட் தடுப்பு வெடிப்பு விடும், இரும்புத் தகடு துருப்பிடித்துப் போகும்.

தகடு வேண்டாமென்றால் சுற்றிலும் 30 செ.மீ. ஆழ அகலத்தில் வாய்க்கால் வெட்டி, தளர்வான மணலோ இலைமக்கோ நிரப்பி வையுங்கள். வருடம் இரண்டு முறை மண்வெட்டியை இறக்கினால், குறுக்கே ஓடும் கிழங்குகள் தட்டுப்படும். இது சோம்பலைப் பொறுக்காத முறை.

கேள்வி: கழித்துண்டு வைத்துக் கன்று உண்டாக்கப் பார்த்தோம். மஞ்சள் மூங்கில் வந்தது. நீல மூங்கிலும் கருமூங்கிலும் அழுகிவிட்டன.

பதில்: வந்ததும் அழுகியதும் எதிர்பார்த்ததுதான். கழித்துண்டு முறை கனத்த சுவரும் கணுவில் பெரிய மொட்டும் உள்ள வகைகளுக்கு. விட்டாட்டா, வாமின் இரண்டும் அதில் முதலிடம். சங்கிக்கு மெல்லிய சுவர், எளிதில் வேர்விடாது. ஃபில்லோஸ்டாகிஸ் கழியில் வேர்விடவே விடாது, அதற்கு மொட்டுள்ள கிழங்குத் துண்டு வேண்டும்.

மற்றவர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறோம். மழைக்கு முன், ஒன்று அல்லது இரண்டு வயதுக் கழியின் நடுப்பகுதியை எடுத்து, இரண்டு கணுவுக்கு ஒரு துண்டாக, கணுவுக்கு வெளியே 5 செ.மீ. விட்டு அறுங்கள். வளார்களை முதல் கணுவரை விட்டு நறுக்குங்கள், அடிமொட்டில் காயம் படக்கூடாது. இரண்டு கணுவுக்கு நடுவே ஒரு துளை போட்டு நீர் ஊற்றி நிரப்பி, துளையைக் களிமண்ணால் அடைத்து, மொட்டுகள் இருபக்கவாட்டில் இருக்கும்படி படுக்கவைத்து 5 செ.மீ. மண் மூடுங்கள். அரைநிழல், எப்போதும் ஈரம். இரண்டு மூன்று வாரத்தில் இலை வந்துவிடும். அதைப் பார்த்துத் தோண்டி எடுக்கக்கூடாது. கழியில் இருக்கும் சேமிப்பை வைத்தே இலை வந்துவிடுகிறது, வேர் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அவசரப்பட்டுப் பெயர்த்த துண்டுகள்தான் பச்சை இலையோடு சாகின்றன.

சங்கி, லாக்கோ, கிராசிலிஸ் இவற்றைத் தூர் பிரித்தே பெருக்குங்கள். ஓரத்துக் கழிகள் இரண்டு மூன்று, ஒன்று இரண்டு வயதில், கிழங்கில் உறங்கும் மொட்டுகளோடு. வெட்டிய கிழங்கு வெயிலில் அரைமணி கிடந்தால்கூட வேர்த்தூவிகள் காய்ந்துவிடும், ஈரச்சாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள். மேலே மூன்று நான்கு கணு விட்டு நறுக்கிவிட்டால் இலைச்சுமை குறையும்.

கேள்வி: மாடித் தொட்டியில் அல்ஃபோன்ஸ் கார். இலை நுனியெல்லாம் பழுப்பாகக் காய்கிறது.

பதில்: தொட்டி மூங்கிலில் நுனி காய்வதற்கு மூன்று காரணங்கள் வழக்கம்: வேர் நெருக்கம், உப்பு, காற்று. மதியம் இலை சுருண்டு மாலையில் விரிந்தால் தண்ணீர்க் குறைவு. காலையிலேயே சுருண்டிருந்தால் தொட்டி வேரால் அடைந்து, ஊற்றிய நீர் ஓரமாக வழிந்து வெளியேறுகிறது. மண்மேல் வெள்ளைப் பூப்பு இருந்தால் உப்பு. தொட்டிக் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டு, ஒரு மாதம் உரம் நிறுத்துங்கள்.

தொட்டி 45 முதல் 60 செ.மீ. வாய், வாய் குறுகாத வடிவம். குடம்போல வாய் குறுகிய தொட்டியிலிருந்து மூங்கிலை எடுக்க ஒரே வழி தொட்டியை உடைப்பதுதான். தோட்டமண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வேர்க்கட்டியின் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை ரம்பத்தால் அறுத்து, புது மண்ணில் திரும்ப வையுங்கள். அறுத்த பகுதியில் நல்ல கிழங்கு இருந்தால் அதுவே இன்னொரு கன்று.

கேள்வி: கணுக்களில் வெள்ளைப் பஞ்சு, கீழ் இலைகளில் கரி பூசினதுபோல் கறுப்பு. எறும்பும் ஏறுகிறது.

பதில்: மாவுப்பூச்சி. உறைக்கு அடியில் ஒளிந்திருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து எட்டுவதில்லை. காய்ந்த உறைகளை முதலில் உரித்தெடுங்கள். மோசமான கழிகளை அடியோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள். மீதியை வேகமான நீரால் கழுவி, மறுநாள் மாலை ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் 5 மி.லி. திரவச் சோப்பும் கலந்து கணுக்களில் படும்படி தெளியுங்கள், வாரம் ஒன்றாக மூன்று வாரம். எறும்பின் வழியை அடைக்காவிட்டால் அது பூச்சியைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். கறுப்பு என்பது பூச்சி சுரக்கும் இனிப்பில் வளரும் பூஞ்சை, பூச்சி போனால் தானாக உதிரும்.

இலையின் மேல்புறம் வரிசை வரிசையாக வெளிர் கட்டங்கள் தெரிந்தால் அது சிலந்திப்பேன். இலையைத் திருப்பினால் நரம்பை ஒட்டி மெல்லிய வலைக்கூடாரம் இருக்கும். அந்தக் கூடாரத்தினால் தண்ணீரும் மருந்தும் உள்ளே போகாது. தொற்றுள்ள கழிகளைத் தரைமட்டத்தில் வெட்டி எடுப்பதுதான் விரைவான வழி.

கேள்வி: மூங்கில் பூத்தால் செத்துவிடும் என்கிறார்களே, புதுக் கன்று வாங்கினால் பயமில்லையா?

பதில்: புதுக் கன்று என்பது வயது குறைந்த கன்று அல்ல. தூர் பிரித்ததும் கழித்துண்டும் தாயின் வயதையே கொண்டுபோகும். தோட்டங்களில் இருந்த ஃபார்ஜீசியா முரியேலே செடிகள், தாவரச் சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து சேகரித்ததன் வழிவந்தவை. அதனால்தான் அந்த நூற்றாண்டின் கடைசியில் கண்டம் கண்டமாகப் பூத்து மடிந்தன. இப்போது விற்பவை அந்தப் பூப்பின் விதையிலிருந்து வந்த புதுத் தலைமுறை. வகைக்கு வகை காலம் மாறும்: மெலோகன்னா பாசிஃபெராவுக்கு சுமார் 48 வருடம், ஃபில்லோஸ்டாகிஸ் பாம்புசாய்டிஸுக்கு சுமார் 120. பாம்புசா வல்காரிஸ் மிக அரிதாகவே பூக்கிறது.

கேள்வி: மேசைமேல் கண்ணாடிக் குவளையில் வைக்கும் அதிர்ஷ்ட மூங்கிலையும் இந்தத் தொகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: அது டிரசீனா. மூங்கில் இல்லை.

கேள்வி: பதினைந்து வகை சேர்ந்துவிட்டது. எது எது என்று குழப்பம். பெயர்ப்பலகை எப்படி வைப்பது?

பதில்: கழியில் கட்டாதீர்கள். கழி ஏழெட்டு வருடத்தில் போய்விடும், கம்பி இறுகினால் இளங்கழியில் தழும்பும் விழும். தூருக்கு ஒரு மீட்டர் வெளியே இரும்புக் கம்பியில் அலுமினியத் தகடு, அதில் எழுத்தைப் பொறித்து வையுங்கள். மை வெயிலில் போகும். பெயரோடு ஒரு எண்ணும் கொடுத்து, அதே எண்ணை ஒரு வரைபடத்திலும் நோட்டிலும் எழுதுங்கள்: யாரிடமிருந்து வந்தது, எந்தத் தேதி, என்ன பெயரில். பெயர் தவறென்று பின்னால் தெரிந்தாலும் எண் மாறாது.

அடையாளத்துக்குக் கழியின் படத்தைவிட உறையின் படமே உதவும். புதுக்குருத்து ஒரு மீட்டர் வந்ததும் உறையின் வெளிப்புறம், உட்புறம், தோளில் இருக்கும் காதுமடல், அதன் மயிர், நுனித்தகடு நிமிர்ந்திருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்று நெருங்கிப் படம் எடுத்து வையுங்கள். ஒரே பச்சைக் கழியுள்ள இரண்டு பாம்புசாக்களை உறைதான் பிரித்துக் காட்டும். பல வகைகளில் அது சில வாரங்களிலேயே உதிர்ந்துவிடும், தவறவிட்டால் அடுத்த குருத்துப் பருவம்வரை காத்திருக்க வேண்டும்.

புதிதாக வரும் கன்றுகளை இரண்டு மாதம் தள்ளி வைத்து, உறைகளின் அடியையும் இலையின் முதுகையும் பார்த்துவிட்டுத் தொகுப்புக்குள் விடுங்கள். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வகைகளை, உதாரணத்துக்கு விட்டாட்டாவையும் சாதாரணப் பச்சை வல்காரிஸையும், அடுத்தடுத்து நடாதீர்கள். பச்சைக் குருத்து ஒன்று நடுவில் வந்தால் அது அடுத்த தூரின் கழியா, மஞ்சள் மாறியதா என்று தோண்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.